ஆதரவு முடிந்த விண்டோஸ் கணினியை எப்படி வைத்திருப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை சிம்மக்கல் பக்கம் கணினிப் பழுதுபார்க்கும் கடை நடத்துகிறேன். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான மைக்ரோசாப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததிலிருந்து, மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் பக்கங்களிலிருந்து வருபவர்களும் நகரத்துக் கடைக்காரர்களும் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்கிறார்கள். தினமும் வாயால் சொல்லிக்கொண்டிருக்கும் பதில்களை 2026 தொடக்கத்து நிலவரப்படி இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆதரவு முடிந்துவிட்டது என்றால் கணினி ஓடாதா?

ஓடும். நேற்றுவரை செய்த எல்லா வேலையையும் நாளையும் செய்யும். முக்கியமாக நின்றுபோவது மாதாந்தரப் பாதுகாப்புப் புதுப்பிப்பு. மைக்ரோசாப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, நம்மூர் நேரப்படி இரவு பத்தரை அல்லது பதினொன்றரை மணிக்கு, அந்த மாதம் கண்டறிந்த ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்களை வெளியிடுகிறது. புதன்கிழமை காலையில் கடையைத் திறந்ததும் கணினி தானாக அணைந்து எழுந்ததாகப் பலர் புகார் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்குத் திருத்தம் எதற்கு?

விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டின் உள்ளேயும் இருக்கும் நிரல் பெரும்பகுதி ஒன்றேதான். விண்டோஸ் 11க்கு ஒரு திருத்தம் வந்த மறுநாளே, திருத்தத்துக்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் பக்கத்தில் பக்கம் வைத்து, எந்த வரி மாறியிருக்கிறது என்று பார்ப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். மாறிய இடம்தான் ஓட்டை இருந்த இடம். திருத்தம் பெறாத விண்டோஸ் 10இல் அந்த ஓட்டை அப்படியே திறந்திருக்கும் என்பதால், அவர்கள் புதிதாக எதையும் தேட வேண்டியதே இல்லை. ஆதரவு முடிந்த முதல் நாளில் ஆபத்து சிறியது. மாதத்துக்கு மாதம் வட்டிபோல ஏறிக்கொண்டே போகும்.

2017 மே 12 அன்று கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் உலகமெங்கும் பரவியபோது, அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச் மாதமே வந்திருந்தது. அடிபட்டவற்றில் பெரும்பாலானவை அப்போது ஆதரவில் இருந்த, ஆனால் யாரும் புதுப்பிக்காமல் விட்டிருந்த விண்டோஸ் 7 கணினிகள். ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றே முடிந்திருந்த பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மறுநாள் அவசரத் திருத்தம் ஒன்று வந்தது. 2019 மே மாதத்தில் தொலைவிலிருந்து கணினியை இயக்கும் வசதியில் ஓட்டை கண்டறியப்பட்டபோதும் எக்ஸ்பிக்கு ஒரு திருத்தம் வெளியானது. ஆனால் அப்படிப்பட்ட கருணையை நம்பித் தொழில் நடத்த முடியாது.

விண்டோஸ் 10க்கு ஒரு வருட நீட்டிப்பு உண்டாமே? அதை எப்படிப் பெறுவது?

உண்டு. வீட்டுப் பயன்பாட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் தொடரும் திட்டம் இது. புதிய வசதிகளோ, ஏதேனும் பழுதானால் தொழில்நுட்ப உதவியோ இதில் வராது. எப்போது சேர்ந்தாலும் முடிவு நாள் அதுவேதான். தாமதமாகச் சேர்ந்தால், அதுவரை தவறவிட்ட திருத்தங்கள் எல்லாம் சேர்ந்து வரும்.

முதலில் விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் சிறிய பெட்டியில் "வின்வெர்" என்பதை ஆங்கில எழுத்தில் அடித்துப் பாருங்கள். 22எச்2 என்றும், 19045 என்று தொடங்கும் எண்ணும் தெரிய வேண்டும். அதற்குக் கீழான பதிப்பு என்றால் முதலில் 22எச்2வுக்கு ஏற்றிவிட்டுத்தான் மேலே போக முடியும். பிறகு செட்டிங்ஸில் "அப்டேட் அண்ட் செக்யூரிட்டி" பகுதிக்குள் போய் விண்டோஸ் அப்டேட்டைத் திறந்தால், "என்ரோல் நவ்" என்ற இணைப்பு தெரியும். அதற்கு மைக்ரோசாப்ட் கணக்கு கட்டாயம். அந்தக் கணக்கு கணினியில் நிர்வாகி உரிமை உடையதாக இருக்க வேண்டும். பிள்ளைகளுக்காகத் தொடங்கிய குழந்தைக் கணக்கு செல்லாது.

சேர்வதற்கு மூன்று வழிகள். விண்டோஸ் பேக்கப் மூலம் கணினியின் அமைப்புகளை அந்தக் கணக்கோடு ஒத்திசைக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை. மைக்ரோசாப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1000 சேர்த்திருந்தால் அவற்றைக் கொடுக்கலாம். இரண்டும் வேண்டாம் என்றால் 30 டாலருக்கு ஈடான தொகையை ஒருமுறை செலுத்தலாம். ஒரே உரிமத்தை அதே கணக்கில் 10 கணினிகள்வரை பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதால், அண்ணன் தம்பி வீடுகளில் இருக்கும் கணினிகளுக்குத் தனித்தனியாகப் பணம் கட்ட வேண்டாம். நான் எல்லோருக்கும் முதல் வழியைத்தான் செய்து கொடுக்கிறேன். மைக்ரோசாப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் இலவசமாகக் கிடைக்கும் 5 ஜிபி, அமைப்புகளுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் படங்கள், ஆவணங்கள் இருக்கும் கோப்புறைகளையும் சேர்த்துக்கொள்ளவா என்று அது கேட்கும்போது கண்ணை மூடிக்கொண்டு ஆமாம் போட்டுவிட்டால், காதுகுத்துப் படங்களே அந்த 5 ஜிபியை நிரப்பிவிடும்.

"என்ரோல்" இணைப்பே வரவில்லை, அழுத்தினால் மூடிக்கொள்கிறது. என்ன செய்வது?

பழைய நிலையில் நிற்கும் கணினிகளில் அந்தச் சாளரம் திறந்தவுடன் மூடிக்கொள்ளும் கோளாறு இருந்தது. 2025 ஆகஸ்டில் வந்த கேபி5063709 என்ற புதுப்பிப்பு அதைச் சரிசெய்தது. ஆகவே விண்டோஸ் அப்டேட்டில் நிலுவையில் உள்ள அனைத்தையும் முதலில் இறக்கி, கணினியை ஒருமுறை அணைத்து எழுப்பிவிட்டுப் பாருங்கள். அலுவலகச் சேவையகத்தோடு டொமைனில் இணைக்கப்பட்ட கணினி என்றால் எத்தனை முறை பார்த்தாலும் வராது. அவற்றுக்கு வேறு திட்டம், கீழே சொல்கிறேன்.

பதிவு செய்தாகிவிட்டது, ஆனாலும் புதுப்பிப்பு இறங்க மறுக்கிறது. ஏன்?

இந்தக் கேள்விக்குத்தான் என் நேரத்தில் பாதி போகிறது. காரணங்கள் பெரும்பாலும் மைக்ரோசாப்டிடம் இல்லை, நம் மேசையின் மீதே இருக்கின்றன.

கிராமங்களில் பலர் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைகிறார்கள். தரவு தீர்ந்துபோகக் கூடாது என்று யாரோ எப்போதோ அந்த இணைப்பை "மீட்டர்டு" என்று குறித்து வைத்திருப்பார்கள். அப்படிக் குறித்த இணைப்பில் விண்டோஸ் தானாகப் பெரிய கோப்புகளை இறக்காது. கேட்டால் மட்டும் இறக்கும். மாதாந்தரக் கோப்பு சில நூறு எம்பி இருக்கும். நாளுக்கு ஒன்றரை ஜிபி திட்டத்தில் இருப்பவர்கள் மாதத்தில் ஒரு நாள், அந்த இரண்டாவது செவ்வாய்க்கு அடுத்து வரும் ஏதாவது ஓர் இரவில், மீதமிருக்கும் தரவை இதற்கு ஒதுக்கி, "டவுன்லோட்" பொத்தானைத் தாமே அழுத்திவிட்டால் போதும்.

அடுத்தது வட்டில் இடம் இல்லாமை. சி டிரைவில் சிவப்புக் கோடு தெரிந்தால், டிஸ்க் கிளீனப்பில் கணினிக் கோப்புகளையும் சேர்த்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ரீசைக்கிள் பின்னை மட்டும் காலி செய்துவிட்டு இடம் இல்லை என்று சொல்பவர்கள் அதிகம். புதுப்பிப்பு நிறுவிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்புகள் பாதியில் நின்று சிதையலாம். மின்வாரியம் மாதாந்தரப் பராமரிப்புக்கு அறிவிக்கும் நாளன்று காலையில் இதைத் தொடங்க வேண்டாம். மேசைக் கணினி என்றால் யூபிஎஸ் பேட்டரி உண்மையிலேயே பத்து நிமிடம் தாங்குகிறதா என்று முதலில் பாருங்கள்.

மூன்றாவது காரணத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. சென்ற மழைக்காலத்தில் அலங்காநல்லூரிலிருந்து ஓர் ஆசிரியை மேசைக் கணினியைக் கொண்டு வந்தார். புதுப்பிப்பு வரவில்லை, வங்கியின் தளமும் திறக்கவில்லை, திறக்கும் ஒன்றிரண்டு தளங்களிலும் பாதுகாப்பற்றது என்ற எச்சரிக்கை. ஊரில் ஒருவர் இரண்டு முறை விண்டோஸை மறுபடி நிறுவிப் பணம் வாங்கியிருக்கிறார். நான் திரையின் வலது கீழ் மூலையைப் பார்த்தேன்: 2010 ஜனவரி 1 என்று காட்டியது. தாய்ப்பலகையில் இருக்கும் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தது. ஒவ்வொரு முறை மின்சாரத்தைத் துண்டித்துப் போடும்போதும் கணினி தன்னை 2010இல் இருப்பதாக நினைத்துக்கொள்ள, தளங்கள் நீட்டும் பாதுகாப்புச் சான்றிதழ்கள் அனைத்தும் இன்னும் தொடங்காத காலத்தவையாக அதற்குத் தெரிந்து, ஒன்றையும் நம்ப மறுத்துவிட்டது. ஐம்பது ரூபாய்க்குள் முடிகிற வேலை அது. பேட்டரியை மாற்றித் தேதியைத் திருத்தியவுடன், நான்கு மாதத்துப் புதுப்பிப்புகள் வரிசையாக இறங்கத் தொடங்கின.

கடை, தணிக்கையாளர் அலுவலகம், பள்ளிக்கூடம் போன்றவற்றுக்கு என்ன வழி?

நிறுவனங்களுக்கான நீட்டிப்பு மூன்று ஆண்டுகள், அதாவது 2028 அக்டோபர் வரை கிடைக்கும். ஒரு கணினிக்கு முதல் ஆண்டு 61 டாலர்; ஒவ்வோர் ஆண்டும் இரட்டிப்பாகி 122, பிறகு 244. இரண்டாம் ஆண்டில் சேர நினைத்தால் முதலாம் ஆண்டுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். கல்வி நிறுவனங்களுக்கு 1, 2, 4 டாலர் என்பது கிட்டத்தட்ட இலவசம். பள்ளி நிர்வாகிகள் இதைக் கேட்டு வாங்க வேண்டும், பலருக்குத் தெரியவே இல்லை.

கடைக்காரர்களுக்கு என் கணக்கு இது: முதல் ஆண்டுக்குக் கட்டலாம், மூன்று ஆண்டுக்குச் சேரும் 427 டாலரில், விண்டோஸ் 11 ஓடும் பழைய கணினி ஒன்றையே வாங்கிவிடலாம். ஜிஎஸ்டி தாக்கல், டிஜிட்டல் கையொப்ப டோக்கன், வங்கிப் பரிமாற்றம் ஆகிய மூன்றும் நடக்கும் கணினி எதுவோ அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். பில் மட்டும் போட்டுக்கொண்டு, இணையம் பார்க்காமல் இருக்கும் மற்ற கணினிகள் காத்திருக்கலாம். நடைமுறையில் இதற்கு நேர்மாறாக, முதலாளியின் மேசைக்குப் புதிய கணினியும் கணக்கருக்கு அவர் கழித்துவிட்ட பழையதும் போய்ச் சேருகின்றன.

நேரடியாக விண்டோஸ் 11க்கு ஏறிவிடலாமா?

ஏற முடிந்தால் ஏறிவிடுங்கள். கணினிக்குத் தேவையானவை டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, கணினி எழும்போதே போலி நிரல் நுழையாமல் தடுக்கும் செக்யூர் பூட், 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி வட்டு, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை, அல்லது அதற்குப் பின் வந்த செயலி. மைக்ரோசாப்டின் "பிசி ஹெல்த் செக்" செயலியை ஓட்டினால் எது குறைகிறது என்று சொல்லிவிடும்.

முடியாது என்று அது சொன்னவுடன் மனம் தளர வேண்டாம். பல தாய்ப்பலகைகளில் டிபிஎம் வசதி உள்ளேயே இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். விண்டோஸுக்கு முன்பே ஓடும் அமைப்புப் பகுதியான பயாஸுக்குள் இன்டெல் பலகையில் பிடிடி என்றும் ஏஎம்டி பலகையில் எஃப்டிபிஎம் என்றும் அதற்குப் பெயர். வட்டு பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருந்தால், விண்டோஸ் 10இலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி தரவை அழிக்காமல், செக்யூர் பூட்டுக்குத் தேவையான ஜிபிடி முறைக்கு மாற்றிக் கொடுக்கும். இவற்றில் கை வைக்கும் முன், வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவி உங்கள் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்காமல் பயாஸை மாற்றிவிட்டு, வட்டைத் திறக்க வழி தெரியாமல் என்னிடம் வருபவர்களுக்கு, சாவி இல்லை என்றால் என்னாலும் எதுவும் செய்ய முடிவதில்லை.

தகுதிச் சோதனையைத் தாண்டிக் குதிக்கும் வழிகள் இருக்கின்றன. ரூஃபஸ் என்ற இலவசக் கருவியைக் கொண்டு தயாரிக்கும் பென்டிரைவே அந்தச் சோதனைகளை நீக்கிவிடும். அப்படி நிறுவிய கணினிக்குப் புதுப்பிப்பு வரும் என்று மைக்ரோசாப்ட் உறுதி கூறுவதில்லை. வருடாந்தரப் பதிப்பு பெரும்பாலும் தானாக வராது, ஒவ்வொரு முறையும் கையால் ஏற்ற வேண்டும். மேலும் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு முதல், செயலியில் எஸ்எஸ்இ4.2, பாப்கவுன்ட் ஆகிய கட்டளைகள் இல்லை என்றால் விண்டோஸ் தொடங்கவே தொடங்காது. கோர் 2 டுவோ கணினிகளின் கதை அத்தோடு முடிந்தது. பிள்ளைகள் காணொளி பார்க்கும் கணினிக்கு இதைச் செய்து கொடுப்பேன். கணக்கு வழக்கு இருக்கும் கணினிக்குக் கேட்டால் மறுத்துவிடுவேன்.

நல்ல ஆன்டிவைரஸ் இருந்தால் போதாதா?

போதாது. விண்டோஸ் 10உடனேயே வரும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸுக்கு வைரஸ் அடையாளக் குறிப்புகள் 2028 அக்டோபர் வரை வரும் என்பது உண்மைதான். எட்ஜ் உலாவிக்கும் அதுவரையேனும் புதுப்பிப்பு உண்டு. ஆன்டிவைரஸ் என்பது வாசலில் நிற்கும் காவலாளி. இயங்குதளத்தின் ஓட்டை பின்சுவரில் இருக்கும்போது அவர் என்ன செய்வார்? ஆனால் நீட்டிப்பில் சேர முடியாதவர்கள் டிஃபெண்டரையும் உலாவியையும் புதுப்பித்து வைத்திருப்பது ஒன்றுமில்லாததைவிட எவ்வளவோ மேல்.

ஆஃபிஸ் 2016, 2019 இரண்டின் ஆதரவும் அதே 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது என்பதை மறந்துவிடுகிறார்கள். அந்நியர் அனுப்பிய வேர்டு, எக்செல் கோப்புகளை அவற்றில் திறக்க வேண்டாம். இலவச லிப்ரேஆஃபிஸ் போதும்.

இன்னும் விண்டோஸ் 7தான் வைத்திருக்கிறேன். அதைப் புதுப்பிக்க வழி உண்டா?

புதிய திருத்தம் இல்லை. பொது ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், நிறுவனங்கள் காசு கொடுத்துப் பெற்ற நீட்டிப்பு 2023 ஜனவரி 10 அன்றும் முடிந்துவிட்டன. ஆனால் மறுபடி நிறுவிய ஒரு விண்டோஸ் 7ஐ, 2020வரை வந்த திருத்தங்கள் அளவுக்காவது கொண்டுவர முடியும். அங்கே ஒரு முடிச்சு இருக்கிறது: 2019 நடுப்பகுதியிலிருந்து மைக்ரோசாப்ட் தன் புதுப்பிப்புகளில் எஸ்ஹெச்ஏ-2 என்ற புதிய கையொப்ப முறையை மட்டுமே பயன்படுத்துகிறது, பழைய குறுந்தட்டிலிருந்து நிறுவிய விண்டோஸ் 7க்கு அந்தக் கையொப்பத்தைப் படிக்கவே தெரியாது. அதனால் சர்வீஸ் பேக் 1ஐ ஏற்றியபின், மைக்ரோசாப்ட் அப்டேட் கேட்லாக் தளத்திலிருந்து கேபி4490628, கேபி4474419 ஆகிய இரண்டையும் வேறொரு கணினியில் இறக்கி, பென்டிரைவில் கொண்டு வந்து கையால் நிறுவுங்கள். அதன்பிறகுதான் மற்றவை அசையும்.

குரோம் உலாவியின் 109ஆம் பதிப்புதான் விண்டோஸ் 7க்குக் கடைசி. அது வெளிவந்தது 2023 ஜனவரியில். ஃபயர்ஃபாக்ஸ் தன் 115ஆம் நீடித்த ஆதரவுப் பதிப்பில் இன்னும் கொஞ்சம் தாங்கிப் பிடித்திருக்கிறது. என்ன செய்தாலும் அந்தக் கணினியில் வங்கிக் கடவுச்சொல்லை அடிக்காதீர்கள்.

எக்ஸ்பியில் மட்டுமே ஓடும் பழைய மென்பொருளை என்ன செய்வது?

மேலமாசி வீதிக்கு உள்ளடங்கிய ஒரு சந்தில் கல்யாணப் பத்திரிகை அச்சுக்கோக்கும் கடை இருக்கிறது. எக்ஸ்பி, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7.0, பாமினி எழுத்துருவில் பதினைந்து ஆண்டுக் கோப்புகள், ரசீது போட ஒரு டிவிஎஸ் டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறி. (டிவிஎஸ் என்ற பெயர் மதுரையில் பிறந்தது என்பதால் கடைக்கார அண்ணாச்சிக்கு அதன்மீது தனி மரியாதை.) அடோபி 2001இல் வெளியிட்ட பேஜ்மேக்கர் 7.0க்குப் பிறகு புதிய பதிப்பு வரவில்லை; நிறுவனமே தன் இன்டிசைன் மென்பொருளுக்குப் போய்விட்டது. அந்தக் கணினிக்கு நாளெல்லாம் வாடிக்கையாளர்களின் பென்டிரைவ்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. மாப்பிள்ளை, பெண் படங்கள் மின்னஞ்சலில் வந்து இறங்கின. மாதம் ஒருமுறை ஷார்ட்கட் வைரஸ் புகுந்து, கோப்புறைகள் எல்லாம் மறைந்து குறுக்குவழிகளாகத் தெரியும். நான் போய் எடுத்துவிட்டு வருவேன்.

"தம்பி, மத்தது எது வேணாலும் செய்யுங்க, இந்தப் பெட்டியில மட்டும் கைய வச்சிராதீங்க. ஆவணி முகூர்த்தம் முடியட்டும்" என்றார்.

அவர் சொன்னபடியே அந்தப் பெட்டியில் கை வைக்கவில்லை. அதன் பின்னால் இருந்த இணையக் கம்பியை மட்டும் பிடுங்கிவிட்டேன். பக்கத்தில் விண்டோஸ் 11 ஓடும் பழைய கணினி ஒன்றை வைத்து, வாட்ஸ்அப், மின்னஞ்சல், வாடிக்கையாளர் பென்டிரைவ் ஆகிய அனைத்தையும் அதற்கு மாற்றினோம். இரண்டுக்கும் இடையே கோப்பைக் கொண்டுபோக, சிவப்பு டேப் சுற்றிய ஒரே ஒரு பென்டிரைவ். அது கடையை விட்டு வெளியே போகாது. வேறு எந்தப் பென்டிரைவும் எக்ஸ்பிக்குள் போகாது. எக்ஸ்பியில் பென்டிரைவ் செருகியதும் தானாக நிரலை ஓட்டும் ஆட்டோரன்னையும் அணைத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஷார்ட்கட் வைரஸுக்காக அண்ணாச்சி என்னை அழைத்ததில்லை.

பழைய மென்பொருள் எதுவானாலும் முறை இதுதான். எக்ஸ்பியைப் புதுப்பிக்கும் அதிகாரபூர்வமற்ற தொகுப்புகளைத் தேடி அலைவதைவிட, அதை வெளியுலகத்திலிருந்து பிரித்து வைப்பது எளிது, உறுதியானது. பழைய இணைப்புத் துளை தேவைப்படும் அச்சுப்பொறி எதுவும் இல்லை என்றால், கணினிக்குள் இன்னொரு கணினியை உருவாக்கித் தரும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில், எக்ஸ்பியைப் புதிய கணினிக்குள்ளேயே நிறுவி, அதன் பிணைய இணைப்பை அணைத்துவிடலாம்.

கோப்புகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பாமினி போன்ற எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. பாமினியில் "அம்மா" என்று அடித்த சொல்லை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் தெரியும். எக்ஸ்பி கணினி உயிரோடு இருக்கும்போதே எழுத்துருக் கோப்புகளைத் தனியாக நகலெடுத்து வையுங்கள். அடிக்கடி தேவைப்படும் வாசகங்களை எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள். முடிந்த வேலைகளை எழுத்துருவோடு சேர்த்துப் பிடிஎஃப் ஆக்கி வையுங்கள். வன்தட்டு போனபிறகு அழுது பயனில்லை.

லினக்ஸுக்கு மாறலாமா?

லினக்ஸ் விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம். இணையம், படம் பார்ப்பது, கடிதம் அடிப்பது, பிள்ளைகளின் படிப்பு ஆகியவைதான் வேலை என்றால் தாராளமாக மாறலாம். விண்டோஸ் பழகியவர்களுக்கு அதன் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் அந்நியமாகத் தெரியாது. மின்டின் 22ஆம் வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. 4 ஜிபி நினைவகமும் ஒரு சிறிய எஸ்எஸ்டியும் இருந்தால், பத்து வருடக் கணினிகூட வேகமாக ஓடும். ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி மூலம் தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும். 32 பிட் செயலி உள்ள மிகப் பழைய கணினிகளில் மின்ட் ஏறாது. அவற்றுக்கு ஆன்டிஎக்ஸ் என்ற எடை குறைந்த லினக்ஸ் இருக்கிறது.

நம்மவர்களுக்கு இது புதிதும் அன்று. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கத் தொகுதிகளில் விண்டோஸ் 7 உடன், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பெரும்பாலான வீடுகளில் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் அழித்துவிட்டார்கள்.

டேலி கணக்கு மென்பொருள், ஒரு குறிப்பிட்ட கையொப்ப டோக்கன், பழைய ஸ்கேனர் என்று ஏதேனும் ஒன்றைச் சார்ந்திருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். மின்டைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டி, வட்டைத் தொடாமல், உங்கள் அச்சுப்பொறியும் வைஃபையும் வேலை செய்கின்றனவா என்று ஒரு மாலை முழுவதும் சோதித்துப் பாருங்கள்.

கிராக் போட்ட விண்டோஸ், யாரோ தயாரித்த "லைட்" பதிப்பு இவற்றால் என்ன கெடுதல்?

உரிமம் இல்லாமல் விண்டோஸைத் திறந்து வைக்கும் கருவி, முதல் வேலையாக ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும். முழு நிர்வாகி உரிமையோடு ஓடும். அதற்குள் இன்னும் என்ன இருக்கிறது என்று அதைக் கொடுத்தவருக்கே தெரியாது. எடை குறைத்த பதிப்புகளில் பலவற்றில் விண்டோஸ் அப்டேட் பகுதியையே வெட்டி எடுத்திருப்பார்கள். அதாவது பிறக்கும்போதே ஆதரவு முடிந்த கணினி அது. காசு இல்லை என்றால் லினக்ஸ் போடுங்கள்.

"உங்கள் விண்டோஸ் காலாவதி ஆகிவிட்டது" என்று கைபேசியில் அழைப்பு வருகிறதே?

துண்டித்துவிடுங்கள். மைக்ரோசாப்ட் தானாக யாரையும் அழைக்காது. தொலைவிலிருந்து இயக்கும் செயலி எதையும் நிறுவச் சொன்னால் நிறுவாதீர்கள். பணம் போய்விட்டது என்றால் வெட்கப்பட்டுக்கொண்டிருக்காமல், உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை வழியில் நிறுத்தி வைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

காப்பு நகலை எப்படி எடுப்பது?

வெளி வன்தட்டு ஒன்றை வாங்கி, வாரம் ஒருமுறை செருகி, நகலெடுத்து, கழற்றிவிடுங்கள். கழற்றுவதுதான் முக்கியம். பணயத் தீநிரல் கணினியோடு இணைந்திருக்கும் எல்லா வட்டுகளையும் சேர்த்துப் பூட்டிவிடும். நகல் வட்டை ஆண்டு முழுவதும் கணினியிலேயே செருகி வைத்திருந்த ஒரு கடைக்காரரின் மூன்று வருடக் கணக்கு, மூலமும் நகலுமாக ஒரே இரவில் போனதை நான் நேரில் பார்த்தேன். நகலில் இருந்து ஒரு கோப்பையாவது வேறு கணினியில் திறந்து பார்த்துவிட்டு, பிறகு நிம்மதியாக இருங்கள்.

செக்யூர் பூட் சான்றிதழ் 2026இல் முடிகிறது என்கிறார்களே?

ஆம். 2011இல் வெளியான அந்தச் சான்றிதழ்கள் 2026 ஜூனிலிருந்து ஒவ்வொன்றாகக் காலாவதி ஆகின்றன. புதியவை விண்டோஸ் அப்டேட் வழியாக வருகின்றன. விண்டோஸ் 10இல் நீட்டிப்பில் சேர்ந்த கணினிகளுக்கு அவை கிடைக்கும். சேராத கணினியும் அன்று நின்றுவிடாது, தொடர்ந்து எழும். ஆனால் கணினி எழும் நேரத்தில் நடக்கும் பாதுகாப்பில் பிறகு கண்டறியப்படும் ஓட்டைகளுக்கு அதற்குத் திருத்தம் இராது.

பழைய கணினியைக் கழித்துவிட முடிவு செய்துவிட்டேன். யாருக்காவது கொடுக்கலாமா?

கொடுக்கலாம், வட்டைச் சுத்தம் செய்தபின். வெறுமனே ஃபார்மட் அடித்த வன்தட்டிலிருந்து கோப்புகளை மீட்பது என் கடையில் சாதாரண வேலை. எனக்கு முடிவது மற்றவர்களுக்கும் முடியும். விண்டோஸ் 10இல் "ரீசெட் திஸ் பிசி" பகுதிக்குள் போய், எல்லாவற்றையும் நீக்கச் சொல்லி, அடுத்து வரும் அமைப்பில் "கிளீன் டேட்டா" என்பதையும் இயக்குங்கள். சுழலும் வன்தட்டுக்கு அது பல மணி நேரம் எடுக்கும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம். கணக்கு வழக்கு இருந்த வட்டு என்றால் அதைக் கழற்றி நீங்களே வைத்துக்கொண்டு, கணினியை வட்டு இல்லாமல் கொடுங்கள். வாங்குபவர் ஒரு புதிய எஸ்எஸ்டி போட்டுக்கொள்வார், அவருக்கும் கணினி முன்பைவிட வேகமாக ஓடும்.